புளிப்பில்லாத பீன்ஸ்

கொர்னேலியஸ் தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். கை கோப்பையைத் தாண்டிப் போய் வெறும் மேசையைப் பிடித்தது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். மறுபடி நீட்டினார். மறுபடியும் மேசைதான். பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நீட்டினார். கோப்பை கிடைத்தது. அடுப்படியில் நின்று ஜெனட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மாமா, கண்ணாடி போடலியா?”

“நீதான் ரெண்டு கோப்பை வெச்சிருக்கியேம்மா. எது எனக்கு, எது டொமினிக்குக்கு?”

மேசையில் ஒரே கோப்பைதான் இருந்தது.

வயசு என்று ஜெனட் நினைத்துக்கொண்டாள். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கணவன் டொமினிக் வேலை முடிந்து வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவன் இமைகள் பாதிதான் திறந்திருந்தன. பசியாறக் கூப்பிட்டதற்கு அவன் சொன்ன பதில், வாய்க்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசியது போல இருந்தது. ஜெனட் குனிந்து சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சாக்கில் அவன் மூச்சை முகர்ந்து பார்த்தாள். சம்சு வாடை இல்லை. தேயிலைத் தூள் வாடை மட்டும்தான்.

சாராய வாடை அடித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் பதினொரு பேர். இரண்டு லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கிய வீடு. மாமனார் கொர்னேலியஸ், டொமினிக், ஜெனட், அவர்களுடைய ஐந்து பிள்ளைகள், டொமினிக்கின் தங்கை நவமணி, தம்பி எட்ரியன், எட்ரியன் போன வருஷம் ஈப்போவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோஃபியா. பதினொரு பேருக்கும் சமைப்பது ஜெனட். எந்த மழைக்காலத்திலும் சாதத்துக்குக் கறி இல்லை என்று அவள் சொன்னதில்லை. அதற்குக் காரணம் பின்கட்டில் இருந்த ஸ்டோர் அறை. அதில் பலகை பலகையாக அடுக்கியிருந்த கண்ணாடிப் போத்தல்கள்.

எட்ரியன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறான். தோட்டக்காரர்கள் பீன்ஸைப் பிரிக்கும்போது நேராக இருப்பதுதான் பெட்டிக்குள் போகும். வளைந்தது, புள்ளி விழுந்தது, நீளம் பத்தாதது எல்லாம் ஒரு மூலையில் குவியும். அதை அவன் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து இறக்குவான். அழுகுவதற்குள் ஜெனட் அதைப் போத்தலில் அடைத்துவிடுவாள்.

அந்த வேலையில் அவளுக்கு அலாதிப் பிரியம். யார் கேட்டாலும் உட்காரவைத்து விளக்குவாள். போத்தலைக் கழுவிச் சூடாக்கி, நறுக்கின காயைப் போட்டு, கொதிக்கிற உப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மேலே ஒரு விரல்கடை இடம் விட வேண்டும். விளிம்பைத் துடைத்து, தகர மூடியை வைத்து, வளையத்தை லேசாகத் திருக வேண்டும், இறுக்கினால் கெட்டது. பிறகு பெரிய அண்டாவில் மூடி முழுகும் அளவுக்குத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி, குமிழ் குமிழாக வெளியே ஓடிவிடும். வெளியே எடுத்து ஆறவைத்தால் உள்ளே மிஞ்சிய நீராவி சுருங்கும். சுருங்கும்போது மூடியின் நடுவை உள்ளே இழுக்கும். அப்போது ஒரு சத்தம் வரும். டக். ஆறுகிற போத்தல்கள் ஒவ்வொன்றாக, அடுப்படி முழுக்க, டக், டக் என்று சொல்லும். மூடியின் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் அசையக் கூடாது. அசையவில்லை என்றால் உள்ளே காற்று இல்லை. காற்று இல்லையென்றால் எதுவும் கெடாது. அதுதான் அவள் நம்பிக்கை.

போன வருஷம் வரை அவள் அடைத்ததெல்லாம் புளிப்பு. எலுமிச்சை ஊறுகாய், வினிகரில் போட்ட வெள்ளரி, ஸ்ட்ராபெரி ஜாம். “தினமும் புளிப்பா லா அண்ணி? பல்லு கூசுது,” என்று எட்ரியன் கேலி செய்ததும், நவமணியும் சேர்ந்து சிரித்ததும்தான் காரணம், இந்த வருஷம் பீன்ஸில் அவள் வினிகர் ஊற்றவில்லை. வெறும் உப்புத் தண்ணீர். திறந்து வடித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கலந்தால் போதும், அடுப்பே வேண்டாம். பெரியவர்கள் எல்லோரும் தட்டை வழித்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல முட்டையோடு எழுந்து போய்விட்டார்கள்.

சோஃபியா மட்டும் தொடவில்லை.

அது ஜெனட்டுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாலையில் பெரிய மழை. மலைச் சரிவிலிருந்து இடி போன்ற ஒரு நீண்ட உறுமல் கேட்டது. அது இடியல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. தானா ராத்தா டவுனுக்குப் போகிற சாலையில் மண் சரிந்துவிட்டது என்று எட்ரியன் வந்து சொன்னான். மின்சாரம் போயிற்று. தொழிற்சாலையின் இரைச்சல் நின்றது. பிறந்ததிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த இரைச்சல் இல்லாமல் வீட்டில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. தகரக் கூரையில் சொட்டும் நீர். பலகைத் தரையில் நவமணியின் செருப்பு. குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம்; அதற்கு அடியில், குழாய்ச் சத்தத்தால் மறைக்கப் பார்த்தது போல, யாரோ ஓங்கரிக்கும் சத்தம்.

சோஃபியா வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“உனக்கும் உடம்பு சரியில்லியா?”

“எனக்கு ஒன்னும் இல்லக்கா.” அவள் ஜெனட்டின் கண்ணைப் பார்க்காமல் போனாள். அவள் சால்வையில் சுக்கு வாடை அடித்தது. சுக்கும், அதற்குள் ஜெனட்டுக்குப் பெயர் தெரியாத இன்னொரு வாடையும்.

மறுநாள் காலை கொர்னேலியஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டு இமைகளும் மூடியிருந்தன. தூங்குகிறார் என்று நினைத்து ஜெனட் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை. தேநீர் கொடுத்தாள். அது மூக்கு வழியாக வெளியே வந்தது.

டொமினிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நவமணிக்குத் தலை நிற்கவில்லை. கழுத்து பூவின் காம்பு போலச் சாய்ந்துகொண்டே இருந்தது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. பழகிய எந்த நோயும் இல்லை. எட்ரியன் மட்டும் திடமாக இருந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரைத் தேடி ஓடினான். டிரஸர் டவுனுக்குப் போனவர் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாராம். போன் கோபுரமும் செத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போதே எட்ரியனின் நாக்கு ஒரு சொல்லில் வழுக்கியது. அவன் சிரித்தான்.

“வாய் கோணுது அண்ணி. குளிரு.”

குளிர் அவ்வளவாக இல்லை.

மத்தியானம் பனிமூட்டம் இறங்கியது. தேயிலைச் சரிவு, வேலி, வாசல் படி என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்து ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. ஜெனட் ஸ்டோர் அறைக்கு அரிசி அளக்கப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சோஃபியா நின்றிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அவள் தோள்கள் சின்னதாக, வேகமாக அசைந்தன. மென்றுகொண்டிருக்கிறாள். கீழ்ப் பலகைக்கு முன்னால் குனிந்து ஏதோ ஒரு மூடியைத் திருகினாள்.

“என்ன தேடுற?”

சோஃபியா துள்ளித் திரும்பினாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். “உப்புக்கா.”

“உப்பு அடுப்படியில இருக்கு.”

“மறந்துட்டேன்.”

அவள் ஜெனட்டை ஒட்டி, சுவரோடு சுவராக நழுவி வெளியே போனாள். ஜெனட் அங்கேயே நின்றாள். பலகைகளில் போத்தல்கள் வரிசையாக, பச்சையாக, அசையாமல் இருந்தன. எதில் கை வைத்தாள்? எதைத் திறந்தாள்? எதில் எதைப் போட்டாள்?

தனிக்குடித்தனம் பற்றிய சண்டை ஞாபகம் வந்தது. ஈப்போவுக்குப் போய்விடலாம் என்று சோஃபியா எட்ரியனை அரித்துக்கொண்டிருந்ததும், “நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீடு பிரியாது” என்று மாமா மேசையில் அடித்துச் சொன்னதும், சோஃபியா எழுந்து போனதும். உயிரோடு இருக்கிற வரைக்கும். மாமாதான் முதலில் விழுந்தார்.

ஜெனட் சோஃபியாவின் கைப்பையைத் திறந்தாள். துணி முடிச்சு ஒன்று. உள்ளே பழுப்புத் தூள். சுக்கு, பிறகு அந்த இன்னொரு வாடை. அவள் அதைக் குப்பைக் கூடையில் கொட்டினாள்.

அடுப்படியில் சோஃபியா கஞ்சி காய்ச்சியிருந்தாள். “மாமாவுக்கு இதையாவது ஊட்டிப் பாக்கலாம்க்கா. தொண்டையில எறங்கும்.”

ஜெனட் கஞ்சிச் சட்டியை எடுத்தாள். பின்வாசலுக்குப் போனாள். பனிக்குள் கவிழ்த்தாள்.

“அக்கா!”

“இனிமே இந்த அடுப்புல நீ கை வைக்காத.”

“நான் என்ன செஞ்சேன்?”

“எல்லாரும் படுத்துட்டாங்க. நீ மட்டும் எப்படி நிக்கிற? எங்க கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டியா நீ? ஒளிஞ்சு ஒளிஞ்சு எதைத் தின்ன, எதைக் கலந்த?”

 சோஃபியாவின் கை தானாக வயிற்றுக்குப் போய் நின்றது. எதையோ சொல்ல வந்து, சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. குற்றவாளியின் முகம் என்று ஜெனட் முடிவு செய்தாள்.

“உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுக்கா. நான் மேட்டுக்குப் போறேன். அங்க வேற கோபுரத்து லைன் கெடைக்கும். நீங்க இவங்களப் பாத்துக்குங்க.” அவள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தாள். இரண்டு எட்டில் அவளைக் காணவில்லை.

ஜெனட் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பின்கதவையும்.

இனி என்ன கொடுப்பது? அரிசியில் கலந்திருப்பாளோ? மாவில்? சீனியில்? திறந்திருக்கும் எதையும் நம்ப முடியாது. சாலை திறக்கும் வரை கேஸையும் பார்த்துச் செலவழிக்க வேண்டும். அவள் யோசித்தாள். யாரும் கை வைக்கவே முடியாத உணவு இந்த வீட்டில் ஒன்றுதான். மூடி உள்ளே இழுத்திருந்தால் அதை யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். திறந்ததைக் கையால் மறுபடி அப்படி மூட முடியாது. சூடும் நீராவியும் வேண்டும். அது இயற்கையின் பூட்டு. அதற்குக் கள்ளச்சாவி கிடையாது.

அவள் ஸ்டோர் அறைக்குப் போனாள். சோஃபியா குனிந்து நின்ற கீழ்ப் பலகையை விட்டுவிட்டு, மேல் பலகையில் ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்த்தாள். அசையாதவற்றை மட்டும் எடுத்தாள். திறந்தபோது உள்ளே காற்று பாய்கிற சத்தம் சுத்தமாகக் கேட்டது. முகர்ந்தாள். நல்ல வாடை. இருந்தாலும் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் தான் ஒரு வாய் தின்று, சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. நல்ல ருசி.

பீன்ஸை நன்றாக மசித்தாள். போத்தல் தண்ணீரையே விட்டுக் குழைத்தாள். மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். டொமினிக்குக்கு ஊட்டினாள். அவன் நாக்கால் கரண்டியை வெளியே தள்ளினான். பலவீனம் என்று நினைத்துப் பொறுமையாக மறுபடி ஊட்டினாள். கன்னத்தில் வழிந்ததை வழித்து அதையும் ஊட்டினாள். நவமணிக்கு. சாயங்காலம் விழுந்துவிட்ட எட்ரியனுக்கு. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, முட்டை இல்லை, சோறு இல்லை, இன்றைக்கு இதுதான் என்றாள். கடைக்குட்டி ஜெசிந்தா மூக்கைச் சுளித்தாள். ஜெனட் அவளை மடியில் இழுத்து வைத்து, கதை சொல்லிச் சொல்லி, கிண்ணம் காலியாகும் வரை விடவில்லை.

எல்லோரையும் நடுக்கூடத்தில் சுவரோரமாகப் பாயில் படுக்கவைத்தாள். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காவல்.

விடிந்தது. வெளிச்சம் வந்ததே தவிர, ஜன்னலில் எதுவும் வரவில்லை. பனி அப்படியே நின்றது. கூடத்தில் மூச்சுச் சத்தங்கள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டாள். பிள்ளைகளுடையது. நவமணியுடையது, தேய்ந்து. எட்ரியன். டொமினிக்குடையது, ஈரச் சாக்கை இழுப்பது போல. மாமாவுடையது எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

“அக்கா! கதவைத் தொறங்க! நான் சோஃபியா!”

ஜெனட் அசையவில்லை.

“மேட்டுல லைன் கெடைச்சதுக்கா. பனியில வழி தெரியாம ராத்திரி கணக்கு எழுதுற கிராணி வீட்டுலதான் இருந்தேன். டாக்டர் பேசினாரு. சரிவுல நடந்தே ஆள் வர்றாங்க. டாக்டர் ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. வீட்டுல அடைச்சு வெச்ச போத்தல் சாமான் எதாவது சாப்பிட்டாங்களான்னு கேட்டாரு.”

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“புளிப்பில்லாத காயை வெறுமனே கொதிக்க வெச்சு அடைச்சா, உள்ள ஒன்னு சாகாம கெடக்குமாம்க்கா. காத்து இல்லாத எடத்துலதான் அது வளருமாம். வாடை வராதாம். ருசி மாறாதாம். நம்ம மலையில தண்ணி சீக்கிரம் கொதிக்குதே, அந்தக் கொதிக்கு சூடே பத்தாதாம். அது உடம்ப அசைய விடாம கட்டிப் போட்டுருமாம். ஆனா புத்தி தெளிவா இருக்குமாம்க்கா. எல்லாம் கேக்குமாம்.” சோஃபியா மூச்சு வாங்கினாள். அழுகிறாள். “எனக்கு வயித்துல புள்ளக்கா. மூணு மாசம் ஆகாம சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. பீன்ஸ் வாடையே ஆகல. ஊறுகாயும், வாந்திக்கு அம்மா குடுத்த மருந்துத்தூளும்தான் ஒளிஞ்சு தின்னேன். வேற ஒன்னும் செய்யலக்கா. அந்த போத்தல மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க. குடுக்கலதானே? அக்கா? குடுக்கலதானே?”

குடுத்துட்டேன் என்று சொல்ல ஜெனட் வாயைத் திறந்தாள்.

நாக்கு எழவில்லை.

எழுந்து தாழ்ப்பாளை நோக்கிக் கை நீட்டினாள். கை வெறும் மரத்தில் பட்டது. மறுபடி நீட்டினாள். மரம்.

“அம்மா,” என்றாள் ஜெசிந்தா பின்னாலிருந்து. “ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?”

ஜெனட் திரும்பினாள். கூடம் மேலிருந்து இருண்டது. அது தன் இமை என்று புரிய நேரமாயிற்று. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தாள்.

பாயில் டொமினிக்கின் கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் அவன் இமையைத் தள்ளித் தூக்கியது. உள்ளே கண் தெளிவாக இருந்தது. தூக்கமில்லாமல். மயக்கமில்லாமல். அவளையே பார்த்தது. அடுத்து நவமணியின் கை. எட்ரியனின் கை. சுவரோரமாக, விரல் விரலாக, இமை இமையாக. 

கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது.

மாமாவின் கை மட்டும் எழவில்லை.

ஜெனட் முழங்காலில் தவழ்ந்து போனாள். அவர் மார்பில் காது வைத்தாள். மூச்சு கேட்கவில்லை. மூக்கடியில் விரல் வைத்தாள். காற்று இல்லை. முகம் குளிர்ந்திருந்தது, ஆறிய கண்ணாடி போல. கட்டைவிரலால் அவர் இமையைத் தூக்கினாள்.

மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கண் மெதுவாகத் திரும்பி, அவள் முகத்தில் வந்து நின்றது.